கோல்ஃப் வீச்சும் சரளி வரிசையும்

தலைப்பைப் பார்த்ததும், "கோல்ஃப் பணக்காரர்கள் விளையாட்டு, நமக்கு எதற்கு?" என்று சில நண்பர்கள் தாண்டிப் போகக்கூடும். கொஞ்சம் பொறுங்கள். நம் மதுரை மாவட்டத்துக்குள் கோல்ஃப் வந்து நூற்றிருபத்தைந்து வருஷங்களுக்கு மேலாகிவிட்டது. கோடைக்கானல் கோல்ஃப் கிளப் தொடங்கப்பட்டது 1895-இல். "கோடைக்கானல் திண்டுக்கல் மாவட்டம் அல்லவா, தாத்தா?" என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். 1985 செப்டம்பரில் மாவட்டம் பிரிக்கப்படும் வரை அது மதுரை ஜில்லாவைச் சேர்ந்ததுதான் என்பது நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். என்னைப் போல அரசாங்கக் கோப்புகளோடு காலம் தள்ளியவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

1845-இல் அமெரிக்கன் மதுரை மிஷன் பாதிரிமார்கள், சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி, பழனி மலைமேல் முதல் வீடுகளைக் கட்டினார்கள். அவர்கள் பின்னாலேயே வெள்ளைக்கார அதிகாரிகள் வந்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து அந்தப் புல்மேடுகளில் கோல்ஃப் வந்தது. அதற்கு முன்பே கல்கத்தாவில் 1829-லும் பெங்களூரில் 1876-லும் கிளப்புகள் ஏற்பட்டிருந்தன. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகிலேயே பழைய கோல்ஃப் கிளப் கல்கத்தாவுடையது.

கிளப்புகளின் கதையை விரிவாக எழுத நான் வரவில்லை. அந்த விளையாட்டின் உள்ளே இருக்கும் ஒரு சின்னப் புதிர்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு மனிதன் ஒரு கோலை ஒரே மாதிரி ஆயிரம் முறை வீச எப்படிக் கற்றுக்கொள்கிறான்? அதை யார் கண்டுபிடித்தார்கள்? படிக்கப் படிக்க, இந்தக் கேள்விக்குப் பாதி விடை நம் வீட்டுத் திண்ணையிலேயே கிடப்பதாகத் தோன்றியது.

கஷ்டம் எங்கே இருக்கிறது?

கோல்ஃப் பந்து 46 கிராமுக்கும் குறைவான எடை. அது விழ வேண்டிய குழியின் அகலம் 108 மில்லிமீட்டர், நாலேகால் அங்குலம். பந்து ஓடி வரவில்லை, எதிராளி எறியவில்லை. தரையில் சும்மா கிடக்கிறது. பார்ப்பவருக்கு இதைவிடச் சுலபமான விளையாட்டு இருக்காது போலத் தோன்றும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 மீட்டர் தூரத்துக்கு அடிக்கிறீர்கள். பந்து புறப்படும் திசை ஒரே ஒரு டிகிரி பிசகினால், போய் விழும் இடத்தில் மூன்றரை மீட்டர் விலகிவிடும். ஐந்து டிகிரி பிசகினால் பதினேழு மீட்டருக்கு மேல். பந்து மரத்தடியில் கிடக்கும். மட்டையின் முகம் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரமோ ஒரு நொடியில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் எதையும் திருத்த முடியாது. திருத்துவதெல்லாம் அதற்கு முன்பே, உடம்பிலேயே முடிந்திருக்க வேண்டும். அதனால்தான் கோல்ஃப்காரர்கள் பலத்தைப் பற்றிப் பேசுவதைவிட, "திரும்பத் திரும்ப வரக்கூடிய வீச்சு" என்பதைப் பற்றியே அதிகம் பேசுகிறார்கள்.

பை சுமந்த பையன்கள்

இந்த வீச்சை முதலில் ஒழுங்குபடுத்தியவர்கள் பிரபுக்கள் அல்ல, பை சுமந்த ஏழைப் பையன்கள். அவர்களுக்குக் 'கேடி' என்று பெயர். போலீஸ் ஸ்டேஷன் பட்டியலில் இருக்கும் கேடி வேறு! இந்தச் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. பள்ளியில் நான் படித்த 'காதே' என்ற சொல்லுக்கு இளையவன், சின்னப் பிள்ளை என்று பொருள். அது ஸ்காட்லாந்துக்குப் போய், எடுபிடிப் பையனைக் குறிக்கும் 'கேடி' ஆயிற்று.

அப்படி ஒரு பையன் ஹாரி வார்டன். 1870-இல், பிரான்ஸ் கரைக்குப் பக்கத்தில் இருக்கும் ஜெர்சி தீவில் பிறந்தார். கிராமத்துப் பையன்களிடம் மட்டை வாங்கக் காசில்லை. முள்மரக் கிளையை வெட்டி மட்டையாக்கி, கோலிக்குண்டை அடித்துப் பழகினார்கள். பின்னாளில் வார்டன் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை ஆறு முறை வென்றார்: 1896, 1898, 1899, 1903, 1911, 1914. இன்றுவரை அந்தக் கணக்கை யாரும் தாண்டவில்லை. வலக்கைச் சுண்டுவிரலை இடக்கை ஆள்காட்டி விரலின் மேல் ஏற்றிப் பிடிக்கும் பிடிக்கு இன்றும் வார்டன் பிடி என்றே பெயர். அவர் கண்டுபிடித்தது அல்ல அது. ஆனால் அவரால்தான் உலகம் முழுக்கப் பரவியது. இரண்டு கைகளும் தனித்தனியாக இழுத்துக்கொள்ளாமல் ஒரே கையாக வேலை செய்ய அந்தப் பிடி உதவுகிறது.

1907-இல் அதே பட்டத்தைப் பிரிட்டனுக்கு வெளியிலிருந்து முதன்முதலில் வென்றவர் ஆர்னோ மாசி என்ற பிரெஞ்சுக்காரர். பியாரிட்ஸ் கடற்கரைக்காரர், மத்திப் படகிலும் வேலை, கோல்ஃப் மைதானத்தில் பை சுமக்கவும் வேலை. அவருக்குப் பிறகு ஐரோப்பாக் கண்டத்திலிருந்து இன்னொருவர் அதை வெல்ல 72 ஆண்டுகள் ஆயின. 1979-இல் வென்ற ஸ்பெயின்காரர் செவே பாயெஸ்தெரோஸும் கேடியாக இருந்தவர்தான். சிறு வயதில் அவரிடம் இருந்தது ஒரே ஒரு இரும்பு மட்டை. கடற்கரை மணலில் அந்த ஒன்றை வைத்தே எல்லா அடியும் பழகினார்.

ஒரு கால் போனவரும் உடம்பு நொறுங்கியவரும்

வீச்சை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதில் இரண்டு கட்சிகள் ஏற்பட்டன. அவற்றில் முக்கியமான இருவரும் உடம்பில் எதையோ இழந்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது.

எர்னஸ்ட் ஜோன்ஸ் இங்கிலாந்தில் கோல்ஃப் தொழிலாக ஆடியவர். முதல் உலக யுத்தத்தில் 1916-இல் காயம்பட்டு, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஊன்றுகோலோடு மைதானத்துக்குத் திரும்பி, ஒற்றைக்காலில் நின்று ஆடிப் பார்த்தார். 18 குழிகளை 83 அடிகளில் முடித்தார். இரண்டு கால் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது கனவு! அதிலிருந்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கால், இடுப்பு, தோள் என்று உடம்பைத் துண்டு துண்டாக யோசிக்க வேண்டாம். கை, மட்டையின் தலையை ஊசலாட்டட்டும்; மற்ற உறுப்புகள் தாமாகப் பின்னால் வரும். பிறகு அமெரிக்கா போய், நியூயார்க் நகரத்தில் ஒரு கட்டடத்துக்குள்ளேயே பாடம் நடத்தினார். கைக்குட்டை முனையில் ஒரு பேனாக்கத்தியைக் கட்டி ஆட்டச் சொல்வார். கைக்குட்டையை வைத்து எதையும் தள்ள முடியாது, வீச மட்டும்தான் முடியும். அவசரப்பட்டு முறுக்கினால் துணி தொய்ந்துவிடும். எவ்வளவு மலிவான கருவி, எவ்வளவு பெரிய பாடம் என்று பாருங்கள்.

மற்றவர் பென் ஹோகன். 1912-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் பிறந்தவர், சிறு வயதில் தந்தையை இழந்தவர், கேடியாக வளர்ந்தவர். பிறவித் திறமை என்று யாரும் அவரைச் சொல்லவில்லை. பந்து இடப்பக்கம் வளைந்து ஓடும் குறை பல ஆண்டுகள் அவரை வாட்டியது. மற்ற ஆட்டக்காரர்கள் ஓய்வெடுக்கப் போன பிறகும் மணிக்கணக்கில் பந்தடித்து, தன் வீச்சைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துச் சேர்த்தார். 1949 பிப்ரவரியில் அவருடைய கார் மேல் ஒரு பஸ் நேருக்கு நேர் மோதியது. இடுப்பெலும்பு, காறையெலும்பு, கணுக்கால் எல்லாம் முறிந்தன. நடப்பாரா என்றே டாக்டர்கள் சந்தேகப்பட்டார்கள். பதினாறு மாதம் கழித்து, 1950 ஜூனில், காலில் துணிக்கட்டுப் போட்டுக்கொண்டு நடந்து அமெரிக்க ஓப்பன் பட்டத்தை வென்றார். 1957-இல் அவர் வெளியிட்ட புத்தகம் வீச்சை ஐந்து பாடங்களாகப் பிரித்தது: பிடி, நிற்கும் நிலை, பின்னோக்கிய வீச்சு, முன்னோக்கிய வீச்சு, எல்லாம் சேர்ந்த தொகுப்பு. ஒழுங்கான பயிற்சி இருந்தால் சாதாரண மனிதனும் நல்ல வீச்சைக் கட்டலாம் என்பதே அவர் கட்சி.

ஜோன்ஸ் முழுமை என்கிறார். ஹோகன் பகுதி என்கிறார். யார் சொல்வது சரி?

நம் வாத்தியார்களின் விடை

சண்டையே தேவையில்லை என்பார் ஒரு பாட்டு வாத்தியார். நம் சங்கீதத்தில் முதல் நாளே கீர்த்தனை கிடையாது. புரந்தரதாசர் வகுத்தது என்று சொல்லப்படும் வரிசை அப்படியே இருக்கிறது. மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, பிறகு ஜண்டை வரிசை, பிறகு ஏழு தாளங்களில் அலங்காரம். ஒவ்வொன்றையும் மூன்று காலத்தில் பாட வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சரளி வரிசையில் பாடுவது துண்டு ஸ்வரமானாலும், அதற்கும் ஆதி தாளம் உண்டு, ஆரம்பம் உண்டு, முடிவு உண்டு. அதாவது பாடம் சின்னது, ஆனால் முழுசு. சின்ன முழுசிலிருந்து பெரிய முழுசுக்குப் போகிறோம்.

சிலம்பத்திலும் அப்படித்தான். நம் ஊர்ப்பக்க வாத்தியார்கள் எடுத்த எடுப்பில் கம்பைச் சுழற்ற விடுவதில்லை. முதலில் காலடி. கால் எங்கே போகும் என்பது உடம்புக்குத் தெரிந்த பிறகுதான் கையில் கம்பு, பிறகு வீச்சு, பிறகுதான் எதிரே ஆள். நம் தலைமுறை குமாஸ்தாக்களுக்கு இன்னொரு உதாரணமும் தெரியும்: டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' என்று வாரக்கணக்கில் ஒரே வரியைத் தட்டாமல் லோயர் பரீட்சைக்கு உட்கார்ந்தவர் யார்?

கோல்ஃப் ஆசிரியர்கள் இன்று கொடுக்கும் பயிற்சி வரிசையும் ஏறக்குறைய இதே படிக்கட்டுதான்.

முதல் படி, பந்தே இல்லாமல் பிடியும் நிற்கும் நிலையும். அடுத்தது, குழிக்கு இரண்டடி தூரத்திலிருந்து பந்தை உருட்டிவிடுவது. தோள்கள் கடிகாரப் பெண்டுலம் போல ஆட வேண்டும், மணிக்கட்டு சும்மா இருக்க வேண்டும். மூன்றாவது, அரை வீச்சு. மாணவனின் உடம்பையே ஒரு கடிகார முகமாக நினைத்து, கைகள் எட்டு மணியிலிருந்து நாலு மணி வரை, பிறகு ஒன்பது மணியிலிருந்து மூன்று மணி வரை போனால் போதும் என்பார்கள். இதுவே சரளி வரிசை: சின்னது, ஆனால் தொடக்கமும் முடிவும் உள்ள முழு வீச்சு.

அதன் பிறகு குறை தீர்க்கும் பயிற்சிகள். இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து அடித்தால், உடம்பை அளவுக்கு மீறி ஆட்டுபவன் தடுமாறிவிடுவான்; சமநிலை தானே வரும். அக்குளில் ஒரு துண்டை இடுக்கி அரை வீச்சு வீசினால், கை உடம்பைவிட்டு விலகிய மறுகணம் துண்டு கீழே விழும். வாத்தியார் வாயே திறக்க வேண்டாம். மட்டை பின்னால் மேலே போனதும் ஒரு நொடி நிறுத்திப் பிறகு அடித்தால், அவசரம் அடங்கும். அப்புறம் இதே வீச்சை மிக மெதுவாக, பிறகு நடு வேகத்தில், கடைசியில் முழு வேகத்தில். இது நம் மூன்று காலம். வேகம் கூடியதும் வீச்சு குலைந்தால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. மேடை வித்வான்களும் விடியற்காலையில் சரளி வரிசை சாதகம் செய்ததுண்டு.

கொல்லன் சம்மட்டியும் இரும்பு மனிதனும்

இங்கே ஒரு சந்தேகம் வரும். இத்தனை பயிற்சியும் மனிதனை யந்திரமாக்கத்தானா?

உண்மையிலேயே ஒரு யந்திரம் செய்தார்கள். ஹோகனோடு அதே மைதானத்தில் பை சுமந்த இன்னொரு பையன் பைரன் நெல்சன். அவரும் 1912-இல் பிறந்தவர். 1945-இல் தொடர்ச்சியாகப் பதினோரு போட்டிகளை வென்றவர். 1960-களில் மட்டைகளையும் பந்துகளையும் சோதிக்க ஓர் அமெரிக்க நிறுவனம் ஒரு யந்திரக் கை செய்தபோது, அவருடைய வீச்சையே மாதிரியாக வைத்தார்கள். அதற்கு 'இரும்பு பைரன்' என்றே பெயர் வந்தது. அது அலுக்காமல் ஒரே மாதிரி வீசும்.

மனிதன் அப்படி வீசுவதில்லை என்று அதற்கு நாற்பது ஆண்டு முன்பே ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். மாஸ்கோவில் 1920-களில் நிக்கோலாய் பெர்ன்ஸ்டீன் என்ற விஞ்ஞானி, உளியின் தலையில் சுத்தியலால் அடிக்கும் அனுபவசாலித் தொழிலாளிகளின் தோள், முழங்கை, மணிக்கட்டில் சின்ன விளக்குகளைப் பொருத்திப் படம் பிடித்தார். சுத்தியல் ஒவ்வொரு முறையும் சரியான இடத்தில் விழுந்தது. ஆனால் அதற்குப் போன வழியில் தோளும் முழங்கையும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சம் மாறின. ஒரு மூட்டில் ஏற்பட்ட பிசகை இன்னொரு மூட்டு ஈடுகட்டியது. திறமை என்பது ஒரே அசைவைத் திருப்பிச் செய்வதல்ல, ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பத் தீர்ப்பது என்றார் அவர்.

மதுரையிலிருந்து மானாமதுரை போகும் வழியில் திருப்பாச்சேத்தி இருக்கிறது. அந்த ஊர் அரிவாளுக்குப் பேர்போனது. கொல்லுப்பட்டறை வேலையைப் பார்த்தவர்களுக்கு மாஸ்கோ விஞ்ஞானி சொன்னது அதிசயமாக இருக்காது. ஒருவர் இடுக்கியில் பழுக்கக் காய்ந்த இரும்பைத் திருப்பித் திருப்பிப் பிடிப்பார், இன்னொருவர் சம்மட்டியை இறக்குவார். இரும்பின் சூடு மாறும், கனம் மாறும், அடிப்பவரின் மூச்சும் மாறும். அடி மட்டும் விழ வேண்டிய இடத்தில் விழும்.

பிரெஞ்சில் 'ரெபெத்திசியோன்' என்று ஒரே சொல்தான். திரும்பச் செய்வதற்கும் அதுதான், நாடக ஒத்திகைக்கும் அதுதான். பள்ளியில் இது என்ன மொழி வறட்சி என்று நினைத்ததுண்டு. பெர்ன்ஸ்டீனைப் பற்றிப் படித்தபின், அந்தச் சொல்லில் விஷயம் இருப்பதாகத் தோன்றுகிறது. ஒத்திகை என்பது நேற்றையதை நகலெடுப்பதல்ல. நாளைக்கு வரப்போவதற்குத் தயாராவது. அதனால்தான் நல்ல கோல்ஃப் ஆசிரியர், வீச்சு ஓரளவு நிலைத்ததும் மாணவனை ஒரே இடத்தில் நின்று அடிக்க விடமாட்டார். மட்டையை மாற்றுவார், தூரத்தை மாற்றுவார், மேட்டிலும் சரிவிலும் நிறுத்துவார். ஒரே ஸ்வரங்களை ஏழு தாளத்தில் பாடவைக்கும் அலங்காரம் இதைத்தான் செய்கிறது.

இடம் யார் கொடுப்பது?

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியன் ஓப்பன் போட்டி 1964-இல் தொடங்கியது. முதல் பட்டம் ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சனுக்கு. மறு ஆண்டு பி.ஜி. சேத்தி என்ற நம்மவர், தொழிலாக ஆடாத அமெச்சூராகவே வென்றார். அதன் பிறகு 26 ஆண்டுகள் இந்தியர் யாரும் வெல்லவில்லை. 1991-இல் அந்தக் கதவைத் திறந்தவர் அலி ஷேர். டில்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்தவர். 1993-இல் மறுபடியும் வென்றார். 2009-இல் சின்னசாமி முனியப்பா வென்றார். அவரும் பெங்களூரில் கேடியாக இருந்தவர்.

இவர்களுக்குப் புத்தகமும் இல்லை, ஐந்து பாடமும் இல்லை. பை சுமந்து நடக்கும்போது நல்ல ஆட்டக்காரர்களின் வீச்சைக் கண்ணால் பாடம் செய்வது, பிறகு கிடைத்த மட்டையில், கிடைத்த மூலையில் அதை வீசிப் பார்ப்பது என்றுதான் கேடிகள் ஆட்டம் கற்றார்கள். பல கிளப்புகளில், உறுப்பினர்கள் வராத நேரத்தில் மட்டும்தான் கேடிகள் மைதானத்தில் மட்டை பிடிக்கலாம். இடம் குறைவாக இருந்ததால் அரை வீச்சு. மட்டை ஒன்றே என்பதால் அதிலேயே எல்லா அடியும். வார்டனின் முள்மரக் கிளையும் பாயெஸ்தெரோஸின் ஒற்றை மட்டையும் இங்கேயும் வேறு ரூபத்தில் இருந்தன.

இதை வறுமைக்குப் பாராட்டாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓர் அலி ஷேர் வெளியே தெரிந்தார். அவரைப் போல் கண்ணால் கற்றுக்கொண்டு, வீசிப் பார்க்க நாலடி மண் கிடைக்காமல் போனவர்கள் எத்தனை பேர்? வெள்ளைக்காரன் காலம் முதல் எத்தனை பையன்கள் பிறர் மட்டைகளைச் சுமந்துகொண்டு புல்தரை முழுக்க நடந்திருப்பார்கள்? அவர்கள் கையில் ஒரு வீச்சு இருந்ததா என்று யாரும் கேட்டதில்லை.

நல்ல வீச்சுக்கு மூன்று வேண்டும். வரிசை, பொறுமை, இடம். வரிசையை வாத்தியாரிடமோ கண்ணாலோ கற்றுக்கொள்ளலாம். பொறுமையை அவரவரே தேட வேண்டும். இடத்தை மட்டும் இன்னொருவர்தான் கொடுக்க வேண்டும்.

நம்மில் சிலர் பள்ளி நிர்வாகக் குழுக்களிலும் குடியிருப்போர் சங்கங்களிலும் இருக்கிறோம். மாலை ஐந்து மணிக்கே பூட்டிவிடும் பள்ளி மைதானங்கள் நம் ஊரில் எத்தனை! கம்பு சுற்றும் பிள்ளைகளுக்கும், பந்து போடும் பிள்ளைகளுக்கும் அந்தக் கதவு இன்னும் ஒரு மணி நேரம் திறந்திருக்கட்டும். அடுத்த கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்.